கைகள் குடியிருந்த வீடுகள்



திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் மீதேறி நின்று பார்ப்பவருக்கு இந்நகரின் வரலாறு கண்முன்னே விரிந்து கிடக்கும். பாறையின் உடலில் பல்லவர் காலத்துக் குகைக்கோயில். வடக்கே காவிரிக்கு அப்பால் திருவரங்கத்துக் கோபுரங்கள். அடிவாரத்தில் தெப்பக்குளமும், அதன் அருகே 1766-ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்ட கிறிஸ்து ஆலயமும். சற்றே தள்ளி லூர்து அன்னை ஆலயத்தின் கூர்ந்த கோபுரம். அரசர் எழுப்பியவையும், சமயத் தலைவர் காத்தவையும், படைத் தளபதிகள் துணைநின்று கட்டியவையும் அங்கே நிலைத்திருக்கின்றன.

ஆனால் ஒரு கேள்வியை நாம் அரிதாகவே கேட்கிறோம். அந்தப் பாறையைக் குடைந்த உளிக்காரர் எங்கே குடியிருந்தார்? கோபுரத்துக்குச் சுதை பூசியவரும், ஆலயத்தின் உத்திரத்தை இழைத்த தச்சரும், அரண்மனைக்கு ஆடை நெய்தவரும் மாலையில் எந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே சென்றார்கள்? அவர்கள் செய்த பொருள்கள் நிற்கின்றன. அவர்கள் வாழ்ந்த வீடுகள் நிற்கவில்லை. இவ்வாரம் அந்த வீடுகளைப்பற்றிச் சிந்திக்க உங்களை அழைக்கிறேன்.

வீடுகள் மறைந்துபோனதற்குக் காரணம் எளியது. கல்லால் வீடு கட்டிக்கொள்ளும் செல்வம் கைத்தொழிலாளருக்கு இருந்ததில்லை. மண்சுவர், மூங்கில், பனஞ்சட்டம், கீற்று, நாட்டு ஓடு ஆகியவை ஒரு தலைமுறையைத் தாங்கும். மறுதலைமுறை அதே இடத்தில் மீண்டும் கட்டிக்கொள்ளும். வெள்ளமும் தீயும் வந்தால் அதுவும் இல்லை. ஆகவே எளியோருடைய வீட்டின் வரலாற்றை மண்ணுக்கு அடியில்தான் தேடவேண்டியிருக்கிறது.

உறையூரில் அப்படித் தேடியிருக்கிறார்கள். முற்காலச் சோழரின் தலைநகராயிருந்து, இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட ஊர் அது. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு நடத்தியபோது, துணிக்குச் சாயம் தோய்க்கும் செங்கல் தொட்டி ஒன்றைக் கண்டெடுத்தார்கள். சற்றொப்ப 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு, 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணியைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மேற்குலகம் அறிந்த நெசவு அது. எனினும் சோழனின் அரண்மனையும் இல்லை, நெய்தவரின் இல்லமும் இல்லை. சாயத்தொட்டி ஒன்று மட்டும் சாட்சியாகக் கிடைத்தது.

இனி, உலகின் மறுகோடியில் இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவின் பிலதெல்பியா நகரை வில்லியம் பென் 1682-இல் நிறுவினார். சகோதர சிநேகம் என்று பொருள்படும் அப்பெயர், வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளுள் ஒன்றின் பெயராக நமக்கு அறிமுகமானது. அகன்ற வீதிகளும், தோட்டம் சூழ்ந்த பெரிய மனைகளும் உள்ள பசுமையான நகரமாக அது விளங்கவேண்டும் என்பது அவருடைய திட்டம். ஆனால் கைத்தொழிலாளருக்குத் தோட்டத்தைவிடத் துறைமுகம் முக்கியமாயிருந்தது. டெலவேர் ஆற்றங்கரையில் கப்பல் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே பட்டறையும் கடையும் இருந்தால்தான் பிழைக்க முடியும். எனவே பெரிய மனைகளை ஊடறுத்துச் சிறு சந்துகள் பிறந்தன. 1700-களின் தொடக்கத்தில் இரண்டு கருமார்கள் தங்கள் நிலங்களின் ஓரத்தை விட்டுக்கொடுத்து, வண்டி செல்லும் அளவுக்கு ஒரு வழி உண்டாக்கினார்கள். பின்னர் அங்கே வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்ட ஜெரமையா எல்ஃப்ரெத் என்பவரின் பெயரால் அது 'எல்ஃப்ரெத் சந்து' என வழங்கலாயிற்று. அவரும் கருமாரே.

அச்சந்தில் 32 வீடுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் பழையவை 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. கடைசியாகக் கட்டப்பட்டது 1836-ஐச் சேர்ந்தது. கருமார், தச்சர், மரச்சாமான் செய்வோர், கப்பல் தொழிலாளர், தையற்காரர் எனப் பலரும் அங்கே குடியிருந்தனர். எல்ஃப்ரெத் கட்டிய வீடொன்றில் மேரி ஸ்மித், சாரா மெல்டன் என்னும் இரு பெண்கள் ஆடை தைத்துப் பிழைத்தார்கள். முன்னறையே தையலறை, வாடிக்கையாளர் வந்து அமரும் இடமும் அதுவே.

அந்நகரின் சந்துகளில் இன்னும் சிறிய ஒருவகை வீடும் உண்டு. தளத்துக்கு ஓர் அறையாக மூன்று தளங்கள்; அவற்றை இணைக்கும் குறுகிய சுழற்படிகள். அவற்றைப் 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவி' வீடுகள் என்றே மக்கள் அழைத்தார்கள். வறுமையைப் புன்னகையோடு தாங்கிய ஏழைகளின் சொல்லாக அது எனக்குத் தோன்றுகிறது.

அச்சந்து தானாகப் பிழைத்துவிடவில்லை. பணக்காரர் வேறிடம் சென்றபின் அது நெரிசலும் சிதைவும் மிகுந்த பகுதியாயிற்று. 1930-களில் சில வீடுகள் இடிக்கப்படும் நிலை வந்தபோது, அங்கே வாழ்ந்த டாரதி ஆட்டி என்னும் பெண்மணியும் அயலாரும் 1934-இல் ஒரு சங்கமாகக் கூடி அவற்றைக் காத்தனர். பின்னாளில் நெடுஞ்சாலைத் திட்டம் ஒன்றால் ஆபத்து நேர்ந்தபோதும் மக்களின் விடாமுயற்சியே அதை விலக்கிற்று. அரசர் ஒருவரும் வாழாத, போர் ஒன்றும் நடவாத அந்தத் தெரு, உழைத்தவர்கள் வாழ்ந்த ஒரே காரணத்துக்காகக் காக்கப்பட்டிருக்கிறது.

அந்தத் தையற்காரப் பெண்களின் காலத்தில் சோழமண்டலக் கடற்கரையின் பருத்தித் துணிகள் லண்டன் வழியாக அமெரிக்கக் குடியேற்றங்களையும் சென்றடைந்தன. தமிழ்நாட்டுத் தறியின் துணி ஏதேனும் அச்சந்தின் கத்தரிக்கோலுக்குக் கீழே விரிக்கப்பட்டிருக்கக்கூடும். அந்தத் துணியின் மறுமுனையை, அதாவது நெய்தவரின் வீட்டை, இப்போது நோக்குவோம்.

உறையூரில் நெசவாளரின் வீடு என்பது தறியைச் சுற்றிக் கட்டப்பட்ட கூடு. குழித்தறிக்காகத் தரையில் ஒரு குழி வெட்டப்படும். நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதிபலகையை மிதிப்பார். கைகள் நாடாவை இடமும் வலமும் ஓட்டும். மண்குழியின் ஈரம் பாவு நூலை உலர்ந்து அறுந்துபோகாமல் காக்கும். ஆகவே அந்த மண் தரைக்கு ஏழ்மை மட்டுமே காரணமன்று. தொழிலின் அறிவும் அதில் இருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழவேண்டும், தூண் எங்கே நிற்கவேண்டும், அடுப்பின் புகை எங்கே போகவேண்டும் என்பவற்றையெல்லாம் தறியே தீர்மானித்தது. மனிதர் உறங்கும் இடம் மிச்சமிருந்த மூலைதான்.

அவ்வீடு சுவரோடு முடிந்துவிடவும் இல்லை. பல முழ நீளமுள்ள பாவை விரித்துக் கஞ்சி தோய்க்கத் தெரு வேண்டும். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் அண்டை வீட்டார் கூடிப் பாவைப் பிடித்து விரிப்பார்கள். நாளை அவர்களுடைய பாவுக்கு இவர்கள் கைகொடுப்பார்கள். பெண்கள் ராட்டையில் தார் சுற்றுவார்கள். முதியோர் அறுந்த இழையை முடிவார்கள். பிள்ளைகள் விளையாட்டின் ஊடே தொழிலைக் கற்பார்கள். வீடே பள்ளி, வீடே பட்டறை, தெருவே கூட்டுறவு. துணியில் குடும்பத்தார் அனைவரின் உழைப்பும் இருந்தது; விற்பனைக் கணக்கில் ஆணின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது என்பதையும் நாம் மறக்கலாகாது.

நெசவு மட்டுமன்று. திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையைக் கொண்டுவந்து சுருட்டுச் சுற்றும் தொழிலும் உறையூரின் வீடுகளில் நடந்தது. ஆங்கிலேயர் அதைத் 'திருச்சினாப்பள்ளிச் சுருட்டு' என்று அழைத்துக் கப்பலேற்றினார்கள். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், சாம்பலைக் கொண்டே அச்சுருட்டைத் துப்பறிவாளர் அடையாளம் காண்கிறார். சுருட்டின் பெயர் லண்டன் வாசகருக்குத் தெரிந்திருந்தது. சுற்றிய விரல்களின் பெயர் எவருக்கும் தெரியாது. 20-ஆம் நூற்றாண்டில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் திருச்சியையும் சுற்றுப்புறக் கிராமங்களையும் பற்றிக்கொண்டபோதும் அதன் களம் வீடாகவே இருந்தது. திண்ணையிலோ கூடத்திலோ ஒரு சக்கரம். அதன் முன் குனிந்த ஒரு தலை.

உறையூர் மக்களிடையே வழங்கும் ஒரு மரபை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். அவ்வூரின் வெக்காளி அம்மன் சன்னிதிக்கு மேற்கூரை இல்லை. முன்னொரு காலத்தில் மண்மாரி பொழிந்து ஊரார் வீடிழந்து நின்றார்கள் என்றும், எல்லோருக்கும் வீடு கிடைக்கும்வரை தானும் வெயிலிலும் மழையிலும் இருப்பதாக அம்மன் கூறினாள் என்றும் அவர்கள் சொல்வார்கள். நம் அயலாரின் நம்பிக்கையை மரியாதையோடு கேட்கும்போது, அதற்குள் பல தலைமுறை ஏழைகளின் ஏக்கம் ஒலிப்பதை உணரலாம். கூரையை இழப்பது எத்தகையது என்று அனுபவித்து அறிந்த ஊர் அது.

காவிரியைக் கடந்து திருவரங்கத்துக்குச் சென்றால் வீடுகளின் வேறோர் ஒழுங்கைக் காண்கிறோம். கோயிலின் ஏழு பிராகாரங்களுள் வெளிப்புறத்தில் உள்ளவை மக்கள் குடியிருக்கும் வீதிகள். உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் வீதி என ஒன்றையொன்று சூழ்ந்து செல்கின்றன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று பின்னோக்கி நீளும் பழைய வீடுகள் பக்கச்சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நின்றன. ஆலயத்தை நம்பி ஓர் ஊரே வாழ்ந்தது: பூத்தொடுப்போர், சமைப்போர், தேரைப் பழுதுபார்க்கும் தச்சர், விளக்கேற்றுவோர். அழகிய ஒழுங்குதான், ஆயினும் உள்வீதி யாருக்கு, வெளிவீதி யாருக்கு, மதிலுக்கு அப்பால் யாருக்கு என்பதைப் பிறப்பே பெரும்பாலும் தீர்மானித்தது. ஒருவர் தம் முகவரியைச் சொன்னால் சாதியையும் சொன்னதாகிவிடும்.

இதைச் சொல்லும்போது நம் சபைகளை மறந்துவிடலாகாது. நம் ஆலயங்களிலும் சாதி பார்த்துத் தனித்தனியே அமரவைத்த காலம் இருந்தது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சைப் பகுதிச் சபைகளில் கடும் எதிர்ப்புக் கிளம்பிற்று. தச்சருடைய குமாரன் என்று அழைக்கப்பட்டவரை ஆராதித்துக்கொண்டே, தொழிலாளியை வாசலில் நிறுத்தினோம்.

ஆனால் வேறொரு நினைவும் நமக்கு உண்டு. 1762-இல் திருச்சிக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர், படைத்தளபதிகளோடு பழகியவர். பின்னாளில் தஞ்சை மன்னரின் நம்பிக்கையைப் பெற்றவர். அவருக்கு இங்கே கிடைத்த இருப்பிடம் பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறை. கட்டிலும் அவரும் கொள்ளுமளவே இடம். நிமிர்ந்து நிற்கவும் பலரால் இயலாது. சோறும் காய்கறியும் உணவு; கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணியே உடை. அவரைக் கண்ட வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் இவற்றைக் குறித்து வைத்திருக்கிறார். தெப்பக்குளத்தருகே கிறிஸ்து ஆலயத்தை எழுப்பியவர், தமக்கென ஒரு நல்ல வீட்டைத் தேடவில்லை. உழைப்பாளியின் அளவிலேயே அவருடைய அறையும் இருந்தது. அவர் சொல்லுக்கு இந்நகரம் செவிகொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

20-ஆம் நூற்றாண்டில் கைத்தொழிலாளர் வீட்டின் கதை திசைமாறிற்று. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928-இல் பொன்மலைக்கு மாற்றப்பட்டது. கொல்லர், வார்ப்படத் தொழிலாளர், தச்சர், பொருத்துநர் ஆகியோர் குடும்பங்களோடு கடற்கரையை விட்டு இங்கே வந்தார்கள். அவர்களுக்காக நேர்கோடிட்ட தெருக்களில் குடியிருப்புகள் எழுந்தன. உறுதியான சுவரும் கூரையும் கிடைத்தன; பல குடும்பங்களுக்கு அது முதல் முறை. ஆனால் தொழில் வீட்டைவிட்டு வெளியேறிவிட்டது. பணிமனையின் சங்கொலி எழுப்பிற்று. சங்கொலியே திருப்பி அனுப்பிற்று. வீட்டின் அளவைப் பதவி தீர்மானித்தது. பதவி முடிந்தால் வீடும் முடிந்தது. தந்தை என்ன செய்கிறார் என்பதைப் பிள்ளை இனிக் கண்ணால் காணவில்லை. கறைபடிந்த சட்டையைக் கண்டே அறிந்தது.

ஆயினும் அந்தக் குடியிருப்புகளில் புதியதோர் உறவு பிறந்தது. பல ஊராரும் பல சாதியாரும் ஒரே தெருவில், ஒரே குழாயடியில் வாழக் கற்றார்கள். 1946-இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது செப்டம்பர் 5 அன்று காவல்துறை சுட்டதில் ஐந்துபேர் உயிர்நீத்தனர். பொன்மலையில் அவர்களை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். அந்தப் பணிமனையின் கைகள் இன்றும் ஓயவில்லை. நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி இன்ஜின்கள் இந்த நூற்றாண்டிலும் அங்கே புதிதாகச் செய்யப்பட்டுள்ளன.

வாசகரே, இப்போது இரண்டு நகரங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிலதெல்பியாவில் வீடுகள் நின்றன, தொழில் போய்விட்டது. எல்ஃப்ரெத் சந்தில் இன்று உலைத்தீ எரிவதில்லை. அருங்காட்சியகமும் அழகிய கதவுகளும் இருக்கின்றன. உறையூரிலோ வீடுகள் நிலைக்கவில்லை. ஆனால் தொழில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. கூரை மாறினாலும் நாடாவின் ஓசை மாறவில்லை. கட்டடத்தைக் காப்பதைவிடக் கையறிவைக் காப்பது பெரிது என்று நாம் பெருமை பேசியிருக்கலாம்.

அந்தப் பெருமை இனி நமக்கு இல்லாமற் போகும்போலிருக்கிறது. விசைத்தறியோடு போட்டியிட முடியாமல் கைத்தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. இயந்திரத்தில் பட்டை தீட்டப்பட்டு மலிவாக இறக்குமதியாகும் கற்கள், வீட்டுச் சக்கரங்களை நிறுத்திவிட்டன. தறிக்குழி மூடப்பட்டு, அதன்மேல் ஓடுகற்கள் பதிக்கப்படுகின்றன. அதில் குற்றம் காண நமக்கு உரிமையில்லை. முதுகு வளைய உழைத்துப் பட்டினி கிடந்தவர் தம் பிள்ளையை அக்குழியில் மறுபடி இறக்கவேண்டும் என்று எவரும் சொல்லலாகாது. குழி மூடப்படட்டும், ஆனால் அங்கே யார் அமர்ந்திருந்தார், என்ன நெய்தார் என்னும் நினைவும் அதனோடு மூடப்படவேண்டுமா? வீடும் போய், தொழிலும் போய், பெயரும் போனால், அவர்கள் வாழ்ந்ததற்குச் சாட்சி யார்?

திருமறை இத்தகைய வீடுகளை மறக்கவில்லை. அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்துவுக்கு வந்தபோது தங்கியது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதியரின் இல்லத்தில். மூவருக்கும் கூடாரம் செய்வதே தொழில். பகலில் ஊசியும் தோலும் புழங்கிய அத்தகைய வீட்டிலேயே சுவிசேஷமும் பேசப்பட்டது. பின்னர் அத்தம்பதியரின் வீட்டில் ஒரு சபையே கூடிற்று. திருச்சபை தன் முதல் ஆண்டுகளைக் கழித்தது கோபுரங்களின் நிழலிலன்று, கைத்தொழிலாளரின் கூரையின் கீழ். கர்த்தர் அவர்களுடைய பெயரையும் தொழிலையும் எழுதிவைக்கச் சித்தங்கொண்டார்.

நெகேமியாவின் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தையும் வாசியுங்கள். எருசலேமின் இடிந்த அலங்கத்தைக் கட்டியவர்களின் நீண்ட பட்டியல் அது. பலர் வேகமாகப் புரட்டிவிடும் பக்கம். அதில் தட்டாரும் தைலக்காரரும் வருகிறார்கள். தன் குமாரத்திகளோடு கட்டிய ஒரு தகப்பனும் வருகிறான். பலர் செய்த வேலை ஒன்றே: அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைப் பழுதுபார்த்தார்கள். நகரம் முழுவதையும் ஒருவரே கட்டவில்லை. தன் வாசலுக்கு எதிரே இருந்ததை ஒருவரும் விட்டுவிடாததினால் அலங்கம் எழுந்தது. பிலதெல்பியாவின் அச்சந்தைக் காத்தவர்கள் செய்ததும் இதுவே.

இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு எதிரே இருப்பதை நோக்கிப் பாருங்கள். உங்கள் தெருவிலோ சபையிலோ நெய்தவர், சுருட்டுச் சுற்றியவர், கல்லுக்குப் பட்டை தீட்டியவர், பொன்மலையில் இரும்பு அடித்தவர் எவரேனும் முதுமையில் இருக்கக்கூடும். அவரிடம் சென்று அமருங்கள். வீட்டில் தறி எங்கே நின்றது, யார் தார் சுற்றினார், பாவு விரிக்க எந்த அயலார் வந்தார் என்று கேளுங்கள். பெயரோடும் ஆண்டோடும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய வீடு இன்னும் நின்றால், இடிபடுமுன் ஒரு படமெடுத்து வையுங்கள். சபையின் வரலாறு எழுதப்படும்போது, அடிக்கல் நாட்டியவரின் பெயருக்கு அருகில் அக்கல்லைச் செதுக்கியவரின் பெயரையும் தேடிச் சேருங்கள்.

நாசரேத்தூரின் தச்சுப்பட்டறை இன்று எங்கேயும் நிற்கவில்லை. ஆயினும் அதில் காய்ப்பேறிய கைகளே நம்மை ஆசீர்வதித்த கைகள். அவர் உங்கள் வீட்டையும், அதில் உழைக்கும் கைகளையும் காத்து நடத்துவாராக. ஆமென்.